கோகிலம் சவுண்ட் சர்வீஸில் கோளாறு கிடையாது

கோளாறா? எங்க, அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க. கண்ணாடி இல்லாம ஒரு எழுத்தும் தெரியாது, நீங்களே படிங்க தம்பி. ம்... "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இசை நிகழ்ச்சி நடுவில் சிறிது நேரம் தடைபட்டது." போதும், போதும், நிறுத்துங்க. இதைப் படிச்சிட்டுத்தான் தங்கச்சி கல்யாணத்துக்கு நம்ம மைக் செட்டைச் சொல்லலாமா வேணாமான்னு வாசல்லயே கால் மணி நேரமா நின்னுக்கிட்டிருந்தீங்களாக்கும். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உள்ள வாங்க. அந்த ஸ்பீக்கர் பாக்ஸ் மேல உக்காராதீங்க, ஸ்டூல்ல உக்காருங்க.

கோகிலம் சவுண்ட் சர்வீஸ் ஆரம்பிச்சு முப்பத்தெட்டு வருசம். கொட்டுற மழையில தேர் ஓடியிருக்கு, செட் நின்னதில்ல. மந்திரி மேடையே சரிஞ்சு விழுந்திருக்கு, விழுந்தவரு "ஐயோ"ன்னது கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு. அப்பேர்ப்பட்ட செட்டு. பக்கிரிசாமி செட்டுல கோளாறுன்னு எழுதுறதுக்கு அந்தப் பேப்பர்காரனுக்குக் கை கூசல பாருங்க. வந்ததே லேட்டு. வந்து வடையைத் தின்னுட்டு, கச்சேரி நடத்தின பயகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போயிட்டான்.

கோளாறு இல்ல தம்பி. மெயின் வயரைப் புடுங்கினேன். நான்தான் புடுங்கினேன், இந்தக் கையால. அதை எழுதச் சொல்லுங்க. கல்யாணத்துல புடுங்க மாட்டேன், பயப்படாதீங்க.

அந்தப் பய பேரு நிரஞ்சன். மெட்ராஸ்காரன். முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும், காதுல ஒரு கடுக்கன். நாலு வருசம் வெளிநாட்டுல போயி சங்கீதம் படிச்சானாம். என்னா சங்கீதம்னு கேட்டேன். "எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் சார்"ன்னான். என் காதுல அகஸ்தியர்னுதான் விழுந்துச்சு. நமக்குப் பக்கத்துலயே அகஸ்தியம்பள்ளி இருக்கா, சரி, புள்ள அகஸ்தியர் மேல ஏதோ பாட்டு கட்டுது போலன்னு நெனச்சேன். நோட்டீஸ் அடிக்கிற வேலையும் என்கிட்டதான் குடுத்தான். "மாபெரும் எலெக்ட்ரிக் அகஸ்தியர் இசை விழா, அனைவரும் வருக, அருள் பெறுக"ன்னு அடிச்சு, கச்சேரி நடக்குற சங்குத்திட்டுல ஒரு செவுரு விடாம ஒட்டிட்டேன். அதைப் பாத்தான் பாருங்க. என்னா கோவம்ங்கிறீங்க! அந்த நோட்டீஸ் இல்லன்னா அவன் கச்சேரிக்கு ஈ காக்கா வந்திருக்குமா? அகஸ்தியருக்காகத்தான் கூட்டம் வந்துச்சு. நன்றி கெட்ட உலகம்.

சிரிக்காதீங்க. அப்புறமா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அது என்னான்னா, பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, ராகம் கிடையாது, ஒரு வாத்தியமும் கிடையாது. ஊர்ல கேக்குற சத்தத்தையெல்லாம் புடிச்சு கம்ப்யூட்டர்ல போட்டு, இழுத்து, நறுக்கி, தலைகீழாப் பெரட்டி, எட்டு பாக்ஸ்ல விடுறது. அதுக்குப் பேரு சங்கீதம். எங்க தெருவுல ஈயம் பூசுறவன் வருவான், அவன் போடாத சத்தமா?

நாலு நாள் என் வண்டியிலதான் சுத்தினான். என்னத்தைப் புடிச்சான்ங்கிறீங்க? தகரத்தைப் புடிச்சான். புயல்ல பிஞ்சு தென்னந்தோப்புல கெடக்குற பழைய கூரைத் தகரத்தை விரலால தட்டித் தட்டி ஒரு மணி நேரம். தலை முறிஞ்சு மொட்டையா நிக்கிற தென்னை மரத்துல, டாக்டர் நெஞ்சுல வச்சுப் பாப்பாரே, அந்த மாதிரி ஒரு சாமானை வச்சுக் கேட்டான். வாய்க்கால் தண்ணிக்குள்ள மைக்கை விட்டான். தண்ணிக்குள்ள, தம்பி! மைக்கு நனையக் கூடாதுன்னு எத்தனை பேரை நான் அடிச்சிருக்கேன் இந்தக் கடையில. கடைசியில என் பழைய ஆம்ப்ளிஃபயர் முன்னாடி வந்து உக்காந்துட்டான். அதுல ஒரு ம்ம்ம்னு இரைச்சல் வரும், எர்த் சரியில்லாததால. அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் முப்பத்தெட்டு வருசமா நான் மல்லுக்கட்டுறேன். இவன் கண்ணை மூடிக்கிட்டு, "சார், இது ரொம்ப அழகா இருக்கு சார், கொஞ்சம் சரி பண்ணாம விடுங்க"ங்கிறான். கழுதை கெட்டா குட்டிச்சுவரும்பாங்க. சங்கீதம் கெட்டா இங்கதான் வந்து நிக்கும்போல.

இதுக்கெல்லாம் மூலம் என்னான்னு கேட்டேன். ஒரு கவிதைன்னான். சங்குத்திட்டு பூங்கோதை எழுதினது. கருவாட்டு யாவாரம் பாக்குற பொம்பள. பத்தாவது வரைக்கும் படிச்சது. ஏதோ சின்னப் பத்திரிகையில போட்டிருக்காங்க, இவன் மெட்ராஸ்ல படிச்சிட்டு அழுதிருக்கான், அழுதுட்டு பஸ் ஏறி வந்துட்டான். அந்தப் பத்திரிகையை என்கிட்டயும் குடுத்தான். தலைப்பைப் பாத்தேன். "கடந்துவிட்டது." மூடி அவன் கையிலயே குடுத்துட்டேன். உள்ள வேற படிக்கணுமா? தலைப்புலயே தெரிஞ்சு போச்சு, யாரை வையிறான்னு. என்னைத்தான். மூணு வருசமா அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் ஊரே என்னை வையுது.

உங்களுக்குத் தெரியாதில்ல. வெளியூரு. சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

மூணு வருசத்துக்கு முந்தி, கார்த்திகை மாசம், அந்தப் புயல். தாலுகா ஆபீஸ்ல ஒரு தாளைக் குடுத்து, ஆட்டோவுல மைக் கட்டி ஊர் ஊராப் போயி சொல்லிட்டு வாய்யான்னாங்க. சொன்னேன். விடிகாலையிலேருந்து தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். அப்புறம் சங்குத்திட்டு புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு வந்து, மாடியில ரெண்டு ஹார்ன் கட்டி, பேட்டரி போட்டு உக்காந்துட்டேன். ஹார்ன் கட்ட ஏணியைப் புடிச்சது யாருங்கிறீங்க? பூங்கோதை புருஷன் சிங்காரவேலு. திருவிழாவுல எனக்கு ஒத்தாசைக்கு வருவான். மரத்துல ஏறி கொரங்கு மாதிரி ஹார்ன் கட்டுவான், சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா "உன் மைக்ல என் பேரைச் சொல்லு, போதும்"பான். அப்படி ஒரு கிறுக்கன். நல்ல பய.

உள்ள எரநூத்து நாப்பது பேரு. காலையில பத்து மணிக்கு வாடைக் காத்து புடிச்சுது பாருங்க, அம்மாடி! கட்டடமே ஆடுது. சன்னல் கண்ணாடி போச்சு. புள்ளைங்க கத்துது. ஒண்ணரை மணி நேரம். அப்புறம் பதினொண்ணரை இருக்கும், யாரோ சுவிட்சை நிறுத்தின மாதிரி காத்து நின்னுச்சு. மழை நின்னுச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, லேசா வெயில்கூட எட்டிப் பாத்துச்சு. நான் கையில ரேடியோவை வச்சுக்கிட்டு இருக்கேன். செய்தியில சொல்றான், "புயலின் கண் பகுதி தற்போது கரையைக் கடந்து"... அதுக்கு மேல கொரகொரங்குது. பின்னால என்னமோ சொன்னான், பொதுமக்கள் அது இதுன்னு, சரியா விழல. எனக்கு விஷயம் வந்தாச்சு. மைக்கைப் புடிச்சேன்.

"அன்பார்ந்த சங்குத்திட்டு வாழ் பெருமக்களே! பெரியோர்களே, தாய்மார்களே! நம்மை அச்சுறுத்தி வந்த கொடும்புயல், இறையருளால், கரையைக் கடந்துவிட்டது! கடந்துவிட்டது! கடந்துவிட்டது!"

மூணு தடவை. மைக்ல எதையுமே மூணு தடவை சொல்லணும், அது தொழில் முறை.

இதுல என்னா தப்பு? சொல்லுங்க. கரையைக் கடக்குறதுன்னா என்னா? கடல்ல இருந்தது கரையைத் தாண்டி நெலத்துக்கு வர்றது. அதாவது வந்துருச்சுன்னு அர்த்தம். வானிலை ஆபீஸர் முப்பது வருசமா டிவியில உக்காந்து அதைத்தான சொல்றாரு! நான் சொன்னது வந்துருச்சுன்னு. இவங்க கேட்டுக்கிட்டது போயிருச்சுன்னு. கடந்துருச்சு, போயிருச்சு, அவ்வளவுதான், வாங்கடா வீட்டைப் பாப்போம்னு கதவைத் தொறந்துக்கிட்டு ஓடினா, அதுக்கு நானா பொறுப்பு? தமிழ் தெரியாத சனத்துக்கு நான் என்ன பண்றது? கடல்லயே பொறந்து வளந்தவன், காத்து ஓஞ்சா திரும்பும்னு அவனுக்கில்ல தெரியணும்?

என்னா கேக்குறீங்க? ஆமா, "இறையருளால்"னு சொன்னேன். அது ஒரு அழகுக்குச் சொல்றது தம்பி. மைக்ல மொட்டையாப் பேச முடியுமா?

சொல்லிட்டு மாடிக்குப் போயி ரெண்டு ஹார்னையும் கழட்டி, தொடச்சு, சாக்குல சுத்தி வண்டியில வச்சுட்டேன். மழை விட்ட நேரத்துல கழட்டிடணும். தண்ணி எறங்கினா உள்ள யூனிட் போயிடும். இதெல்லாம் அனுபவம்.

அப்புறம் இருவது இருவத்தஞ்சு நிமிஷம் கழிச்சு சோழகம் புடிச்சுச்சு. தெக்கேயிருந்து. முன்னால அடிச்சதெல்லாம் சும்மா, அடி அதுல இருந்துச்சு. வெளிய போனவங்க முக்காவாசி பேரு ஓடியாந்துட்டாங்க. சிங்காரவேலு தன் ஃபைபர் போட்டைக் கட்டப் போயிருந்தான். வரல. ரெண்டு நாள் கழிச்சு உப்பளத்துல கெடந்தான்.

டீ சொல்லட்டுமா? சரி, வேணாம்.

அன்னையிலேருந்து தம்பி, ஊருக்குள்ள நான் போனா ஒரு சின்னப் பய "கடந்துருச்சுடோய்"ம்பான். நான் விட மாட்டேன். நின்னு, அவன் சட்டையைப் புடிச்சு, கடக்குறதுன்னா என்னா அர்த்தம்னு வெளக்கிட்டுத்தான் நகருவேன். தமிழ் வாத்தியார் ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கி வச்சிருக்கேன், நான் சொன்னது இலக்கணப்படி சரின்னு. அந்த மேசை டிராயர்ல இருக்கு. காட்டட்டா? பின்னால காட்டுறேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுங்கிறது எவ்வளவு உண்மை பாருங்க.

சரி, கச்சேரிக்கு வாங்க. அதே கட்டடம். சாயங்காலம் நாலரை மணி. ஆளுங்களை நடுவுல உக்கார வச்சு, சுத்தி எட்டு பாக்ஸ். பஞ்சாயத்துல திருடனைச் சுத்தி நிப்பாங்களே, அந்த மாதிரி. மிக்ஸர்ல நான். பக்கத்துல கம்ப்யூட்டரோட அவன். வரவேற்புரைக்கு வச்ச மைக்கு என் கைப்பக்கம். முன்கூட்டியே என்கிட்ட சொல்லி வச்சிருந்தான், "சார், நடுவுல நாலு நிமிஷம் ஒண்ணுமே வராது. மௌனம். அதுதான் இதோட உயிரு. தயவு செஞ்சு எதையும் தொட்டுடாதீங்க"ன்னு. ஒண்ணுமே வராததுக்கு எட்டு பாக்ஸ் எதுக்குடான்னு கேக்க நெனச்சேன். விட்டுட்டேன்.

ஆரம்பிச்சான். ம்ம்ம்னு ஒரு சத்தம். என் ஆம்ப்ளிஃபயர் இரைச்சல்! எட்டு பக்கமும்! வெக்கமாப் போச்சு எனக்கு. அப்புறம் தண்ணி குளுகுளுங்குது. எங்கயோ கதவு கிறீச்சுங்குது. பூங்கோதை குரல்ல கவிதை வருது, அதுவும் முழுசா இல்ல, ஒரு வார்த்தை இந்தப் பக்கம், ஒரு எழுத்து அந்தப் பக்கம். முன்னாடி உக்காந்திருந்த பெரியவரு திரும்பி என்னைக் கேக்குறாரு, "பக்கிரி, அகஸ்தியர் எப்ப வருவாரு?" வருவாரு, உக்காருங்கன்னேன்.

அப்புறம் அந்தத் தகரம். நான் கூடவே நின்னு பாத்த தகரம் தம்பி, விரலால தட்டினது. அதை என்னா பண்ணித் தொலைச்சானோ, தூரத்துலேருந்து கெளம்பி, பெருசாயி, தலைக்கு மேல வந்து கிழியுது. பேசிக்கிட்டிருந்த சனம் கப்சிப்னு ஆயிடுச்சு. ஒருத்தி புள்ளையை இழுத்து மடியில வச்சுக்கிட்டா. வெறும் தகரச் சத்தம்! எனக்குக்கூடக் கையில முடி நட்டுக்கிச்சு. ஃபேனுக்கு நேரா உக்காந்திருந்தேன், அதான்.

டக்குனு எல்லாம் நின்னுச்சு.

நின்ன எடத்துல ஒரு குரல். "அன்பார்ந்த..." என் குரல். என் குரல் தம்பி! புயல் அன்னைக்கு எவளோ காலேஜ் பொண்ணு போன்ல வீடியோ எடுத்திருக்கா, அதுல நான் பேசினது பின்னால விழுந்திருக்கு. ஊர் பூரா போன்ல இருந்ததையெல்லாம் இவன் சேத்திருக்கான், அதுல இதுவும் வந்திருக்கு. "கரையைக் கடந்து"... இழுக்குறான். "கடந்து." இந்த பாக்ஸ்ல. "கடந்து." அந்த பாக்ஸ்ல. "கடந்து, கடந்து, கடந்து." ஆளைச் சுத்தி ஓடுது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக் கீழ எறங்கி, எருமை மாடு கத்துற மாதிரி ஆவுது. எரநூறு பேரும் கம்ப்யூட்டரைப் பாக்கல, அவனைப் பாக்கல. என்னைப் பாக்குறாங்க.

புடுங்கினேன். மெயின் வயரைப் புடிச்சு ஒரே இழுப்பு. பொறி பறந்துச்சு.

அந்தப் பய வாயைப் பொளந்துக்கிட்டு, "சார், அது நீங்களா?"ங்கிறான். நாலு நாள் என்கூட வண்டியில வந்தவன்! என் குரல் அவனுக்குத் தெரியலையாம். மைக்ல நான் பேசுற குரல் வேற, வாய்க் குரல் வேற, அது வாஸ்தவந்தான். இருந்தாலும் சத்தம் படிக்க நாலு வருசம் வெளிநாடு போனவன். காது எதுக்கு இருக்கு, கடுக்கன் போடவா?

நான் எந்திரிச்சு நின்னு கூட்டத்தைப் பாத்துப் புடிச்சேன் ஒரு புடி. மைக்கே வேணாம். "ஏய்யா, கடக்குறதுன்னா என்னான்னு ஒருத்தனுக்காவது தெரியுமாய்யா உங்கள்ல? வந்துருச்சுன்னு அர்த்தம்! நான் சொன்னது சரி! மூணு வருசமா ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு கவிதை எழுதுறீங்க, கச்சேரி நடத்துறீங்க"ன்னு. தமிழ் வாத்தியார் எழுதிக் குடுத்தது வரைக்கும் சொன்னேன்.

பூங்கோதை எந்திரிச்சா. கடைசியில, சன்னல் பக்கத்துல உக்காந்திருந்தா. கத்துவான்னு பாத்தேன். கத்தினா நல்லா இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"அண்ணே, அந்தக் கவிதையை நீ படிச்சியா?"ன்னா.

"தலைப்பு பாத்தேன், போதும்"னேன்.

"வார்த்தையை யாருண்ணே கேட்டா? போயிருச்சுன்னுதான் நாங்களும் நெனச்சோம். நீயும் அப்படித்தான் நெனச்சே. வந்துருச்சுன்னு நெனச்சவன் ஹார்னைக் கழட்டுவானா?"

புடுங்கின வயரு இன்னும் என் கையிலயே இருந்துச்சு.

"காத்து திரும்பினப்ப அவரு போட்டுக்கிட்ட நின்னாரு. மாடியிலேருந்து பாத்தா தெரியுது. முதுகைக் காட்டிக்கிட்டுக் கயித்தை முடியிறாரு. நான் கத்துறேன், கத்துறேன், என் தொண்டை அங்க வரைக்கும் போவுமா? ஹார்ன் இருக்குமே, அண்ணன் சொன்னா கேக்குமேன்னு திரும்பிப் பாத்தா, கம்பிதான் நிக்குது. ஹார்ன் இல்ல. அதைத்தாண்ணே எழுதினேன். நீ சொன்னதை எழுதல. சொல்லாம விட்டதை எழுதினேன்."

என் கையில இருந்த வயரைப் பாத்தா.

அப்புறம் சொன்னா, "இப்பவும் கழட்டிட்டே பாரு. மாட்டுண்ணே."

மாட்டுண்ணேன்னா. அவ்வளவுதான். கோவம்கூட இல்ல. ஊருக்குள்ள எவன் என்னைக் கேலி பண்ணினாலும் பதில் வச்சிருந்தேன். மூணு வருசம் ஒக்காந்து ஒக்காந்து யோசிச்ச பதிலு. டிராயர்ல கடுதாசி வேற. ஒரு கேள்விக்கும் உதவாத பதிலாப் போச்சு. என்னா கேட்டாங்கன்னே தெரியாம இத்தனை நாளா பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன், நல்லா இருக்கு!

மாட்டினேன். ஃபியூஸ் போயிருந்துச்சு, அதையும் போட்டேன். ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துக்குத்தான் பேப்பர்ல கோளாறுன்னு போட்டிருக்கான். நிரஞ்சன் மறுபடியும் மொதல்லேருந்து விட்டான். இரைச்சல், தண்ணி, தகரம், எல்லாம். பெரியவரு இந்தத் தடவை அகஸ்தியரைக் கேக்கல. என் குரல் வந்துச்சு. "கடந்து, கடந்து"ன்னு சுத்துச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், கேட்டேன். அப்புறம் "விட்டது"ன்னு முடிச்சான். முடிச்சு, அந்த நாலு நிமிஷம்.

ஒண்ணும் இல்ல. மிக்ஸர்ல முள்ளு அசையல. சன்னல் தொறந்து இருக்கு, படகுத்துறை தெரியுது. இவன் கண்ணை மூடிக்கிட்டான். சனம் அசையாம உக்காந்திருக்கு. அந்த நாலு நிமிஷம் எதுக்குன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. அதுல வரவேண்டியது என் குரலு. அதான் வெறுமனே விட்டு வச்சிருக்கான். பூங்கோதை விடச் சொல்லியிருக்கா. ஒரு நிமிஷம் பொறுத்தேன். ரெண்டு நிமிஷம் பொறுத்தேன். எதையும் தொடாதீங்கன்னு இவன் சொன்னது ஞாபகம் இருக்கு. ஞாபகம் இருந்தா என்னா? வரவேற்புரை மைக்கு கைப்பக்கம் இருந்துச்சு. எடுத்தேன். ஆன் பண்ணினேன்.

அன்பார்ந்த கின்பார்ந்த ஒண்ணும் வரல வாயில.

"ஏ சிங்காரவேலு! டேய்! காத்து திரும்பிருச்சுடா! போட்டு போனாப் போவுது, விட்டுட்டு ஓடியாடா! வாடா!"

எட்டு பாக்ஸ்லயும் போச்சு. சன்னலைத் தாண்டி வெளிய போச்சு. எரநூறு பேரும் படகுத்துறைப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க தம்பி. புள்ளைங்களும் பாத்துச்சு. பூங்கோதையும் பாத்தா, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு. நானும் பாத்தேன். அங்க ரெண்டு நாயி படுத்திருந்துச்சு, வேற யாரும் இல்ல.

அப்புறம் அவன் மௌனம் முடிஞ்சு மறுபடியும் தகரம், தண்ணி, என்னென்னமோ வந்துச்சு. யாரு கேட்டா? ஆளுங்க எந்திரிச்சுப் போகும்போது ஒருத்தரும் என்கிட்ட பேசல. பூங்கோதை மட்டும் போற போக்குல மிக்ஸர் மேசையில கையை வச்சுட்டுப் போனா.

வயரெல்லாம் சுத்திக்கிட்டு இருக்கேன், இவன் வந்து நிக்கிறான். கண்ணு செவந்திருக்கு. உயிரான மௌனத்தைக் கெடுத்துட்டியேன்னு சண்டைக்கு வரப்போறான், வரட்டும், அவன் காதைக் கடுக்கனோட சேத்து அறுத்துடுவோம்னு நெனச்சேன். "சார், நீங்க கூப்பிட்டீங்களே, அது இல்லாம இனிமே இதை எங்கயும் போட முடியாது சார்"ங்கிறான். சரி, அதுக்கு என்னாங்கிறேன். கையைப் பெசையிறான். "இல்ல, நான் மெஷினை ஆன் பண்ணி வைக்கல, பதிவாகல. இன்னொரு தடவை, அதே மாதிரி, கூப்பிட முடியுமா சார்?"

இன்னொரு தடவையாம்! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. போடான்னுட்டு வந்துட்டேன். இன்னொரு தடவை எதுக்குத் தம்பி? புயல் அன்னைக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா சிங்காரவேலு வந்திருப்பான். கூப்பிடு தூரத்துலதான் நின்னான்.